பாட்டாக்களுக்கு பிரஷர் பார்க்கையில் செய்யக்கூடாதவை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் வீடு வீடாகப் போய் பாட்டாக்களுக்கு, அதாவது தாத்தாக்களுக்கு, பிரஷர் பார்க்க ஆரம்பித்து 16 வருஷம். இப்போது புதிதாக வந்த இரண்டு நர்ஸ் பிள்ளைகள் கூட வருகிறார்கள். நான் செய்த அதே தப்பை அவர்களும் செய்கிறார்கள். சட்டைக்கு மேல் பட்டை சுற்றுவது, பேசவிட்டுக்கொண்டே பார்ப்பது எல்லாம் படிப்பிலேயே சொல்லித் தந்திருப்பார்கள், விடுகிறேன்.

உட்கார வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவது

ரப்பர் வெட்டும் பாட்டா ஒருவர், வயது 78. உட்கார்ந்த நிலையில் 168/70. கார்டில் எழுதினேன், டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் 138. எனக்கு ஒரே பெருமை. "ராத்திரி எந்திச்சா தலை கிறங்குது மக்ளே" என்றார். "வயசானா அப்படித்தான் பாட்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் ஒண்ணுக்குப் போக எழுந்தவர் நடையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர் ரப்பர் விளைக்குப் போகவே இல்லை.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள், குழாய்ச்சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை வைத்தே பிரஷரை அறிகின்றன. அது குறைந்தால் உடனே இதயத்தை முடுக்கி, குழாய்களை இறுக்கச் செய்யும். வயதாக ஆக சுவரில் எலாஸ்டின் இழைகள் நைந்து கொலாஜன் கூடும், சுவர் விறைக்கும். விரியாத சுவரில் இருந்து உணரிக்கு என்ன சேதி கிடைக்கும்? உட்கார்ந்தால் ஏறி நிற்கும் அதே பிரஷர், எழுந்தால் சரிகிறது. நீர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

5 நிமிடம் படுக்க வைத்துப் பாருங்கள். நிற்க வைத்து 1-வது, 3-வது நிமிடம் பாருங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், அது வேறு வம்பு. போன வாரம் ஒரு பிள்ளை, "அதுக்கெல்லாம் நேரமில்லக்கா" என்றது. அந்த வீட்டில் கட்டஞ்சாயா குடிக்க மட்டும் கால் மணிநேரம் இருந்தது.

கீழ் அளவைப் பார்த்து ஆறுதல் சொல்வது

170/70-இல் அந்த 70 நல்ல சேதி இல்லை. மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி அகல்வதே குழாய் விறைத்ததன் அடையாளம்.

நாடி பிடிக்காமல் காற்றேற்றுவது

வயதானவர்களுக்குச் சிலசமயம் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் நடுவில் மறைந்து திரும்ப வரும். மணிக்கட்டு நாடி அடங்கும் அளவுக்கு மேலே இன்னும் 30 ஏற்றாவிட்டால் குறைத்து எழுதிவிடுவீர்கள்.

கருவாடு பற்றிக் கேட்காமல் விடுவது

கேளுங்கள், அதில் உப்பு அதிகம். ஊறுகாயையும்.