நிகழ்ச்சியை நிறுத்தாமல் நேயர்களிடம் நிதி திரட்டுவது எப்படி?

நேயர்கள் தரும் பணத்திலேயே ஒரு வானொலியை நடத்த முடியும் என்று அமெரிக்காவுக்குக் காட்டியது, 1949இல் பெர்க்லியில் தொடங்கிய கேபிஎஃப்ஏ. ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பாட்டையும் செய்தியையும் நிறுத்திவிட்டு, நாள்கணக்கில் "உடனே போன் செய்யுங்கள்" என்று கேட்கும் வழக்கமும் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து செய்த பிறகு, சின்ன நிலையங்களுக்கு நேயர் பணம்தான் உயிர். அதற்காக நேயரை விரட்ட வேண்டியதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த வரிசையில் தொடங்கலாம்.

முதலில் மாத நன்கொடை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஒருவர் மாதம் 10 டாலர் தந்தால் வருடத்துக்கு 120. அப்படி 300 பேர் இருந்தால் 36,000 டாலர், அதுவும் எந்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பணம். இணையதளத்தில் நன்கொடைப் பக்கத்தைத் திறந்ததுமே 'மாதந்தோறும்' என்பது முதலில் கண்ணில் படட்டும், 'ஒரு தடவை மட்டும்' அதற்குக் கீழே இருக்கட்டும். ஒலிபரப்பில் தினமும் இருபது விநாடி அறிவிப்பு ஒன்று போதும்.

சேர்த்த ஆட்களைத் தக்கவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலும் நேயர் மனம் மாறுவதில்லை, அவருடைய கார்டு காலாவதியாகிவிடுகிறது, பணம் வராததை அவரும் கவனிப்பதில்லை, நாமும் கவனிப்பதில்லை. கார்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஒரு மின்னஞ்சல், பதில் வராவிட்டால் ஒரு போன். முடிந்தவரை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் வரும்படி கேளுங்கள், அதற்குக் காலாவதி தேதி கிடையாது. ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ தருகிறவருக்கு எழுத்துபூர்வமான ரசீது கட்டாயம் கொடுங்கள், அது இல்லாமல் அவருக்கு வரிச்சலுகை கிடைக்காது.

அடுத்தது உள்ளூர்க் கடைகளின் ஆதரவு. இதில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்சிசியின் விதி கறாரானது, வணிகம் சாராத அலைவரிசையில் விளம்பரம் போடக்கூடாது. "இந்த நிகழ்ச்சிக்கு ஆதரவு தருபவர்கள், ரயில் நிலையம் அருகே சைக்கிள் விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்யும் கடையினர்" என்று பெயர், இடம், தொழில் சொல்லலாம். "ஊரிலேயே சிறந்த கடை", "20 சதவீதம் தள்ளுபடி", "இன்றே வாருங்கள்" மூன்றுமே கூடாது. கடைக்காரர் எழுதித் தருவதை அப்படியே வாசிக்காமல் நீங்களே எழுதி அவரிடம் காட்டுங்கள். அபராதம் நிலையத்துக்குத்தான், அவருக்கு இல்லை.

பழைய கார் நன்கொடை சின்ன நிலையத்துக்கும் சரிப்பட்டு வரும். வண்டியை எடுத்துப்போய் ஏலம் விட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். இசைப் பிரியர்கள் சூழ்ந்த நிலையம் என்றால் இசைத்தட்டுச் சந்தையும் நடத்தலாம். ஆதரவாளர் அறிவிப்பே வேண்டாம் என்றிருக்கும் நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலி அப்படித்தான் நடத்தியது.

கேட்டால் மட்டுமே கிடைக்கும் பணமும் உண்டு. ஊழியர் தரும் தொகைக்கு இணையாக இன்னொரு பங்கு சேர்க்கும் கம்பெனிகள் நிறைய, ஆகவே நன்றிக் கடிதத்திலேயே "உங்கள் அலுவலகத்தில் இந்த வசதி இருக்கிறதா?" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுபதரை வயது தாண்டியவர்கள் ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து நேரடியாக நன்கொடை அனுப்பினால் அந்தத் தொகை அவர்கள் வருமானத்தில் சேராது. உயிலில் நிலையத்தைச் சேர்ப்பது பற்றி நன்கொடைப் பக்கத்தில் நாலு வரி இருந்தால் போதும், வற்புறுத்த வேண்டாம்.

இதெல்லாம் ஓடத் தொடங்கி ஒரு வருடம் ஆகட்டும். மாத நன்கொடை வருடச் செலவில் எத்தனை பங்கைத் தாங்குகிறது என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு அடுத்த நிதி திரட்டும் வாரத்தில் நாள்களைக் குறையுங்கள். குறைத்ததை ஒலிபரப்பிலும் சொல்லுங்கள், "மாதாமாதம் தருகிறவர்களால் இந்தத் தடவை மூன்று நாள் குறைவு" என்று.