உயரமான பையனுக்குப் பாஸ்கெட்பால் டிபென்ஸ் சொல்லிக்கொடுப்பது எப்படி? செந்தூல் சிமெண்ட் கோர்ட்டிலிருந்து

என் அக்கா மகனுக்கு வயது பதினைந்து, உயரம் 188 சென்டிமீட்டர். உயரத்தைப் பார்த்தே பள்ளி பாஸ்கெட்பால் அணியில் சென்டராக, அதாவது ரிங் பக்கம் நிற்கும் ஆளாகப் போட்டுவிட்டார்கள். முதல் போட்டியில் இரண்டாவது குவார்ட்டர் முடியும் முன்பே நான்கு ஃபவுல். ஐந்தானால் வெளியே என்பதால் மீதி நேரம் முழுக்க பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் கையே வைக்கல மாமா, அவன்தான் வந்து மோதுனான்" என்றான் வீட்டுக்கு வரும் வழியில். அதன் பிறகு எட்டு மாதம், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே உள்ள கோர்ட்டில் அவனோடு நின்றேன். எங்களுக்குப் பலித்ததை எழுதுகிறேன். பந்து தட்டவும் பாஸ் கொடுக்கவும் தெரிந்த பையன் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கால்

கால்கள் தோளைவிட அகலம், முட்டி மடங்கி, முதுகு நிமிர்ந்து. நெட்டையான பிள்ளைகள் முட்டியை மடக்காமல் இடுப்பில் குனிவார்கள், விடாதீர்கள். ஒரு துண்டைப் பிடரியில் போட்டு, இரண்டு முனைகளையும் கைகளால் பிடித்தபடி பக்கவாட்டில் நகரச் சொல்லுங்கள். கைக்கு வேலை இல்லாவிட்டால் கால் தானாக உழைக்கும். தரையில் விரிக்கும் ஏணி வாங்காதீர்கள், ஸ்கிப்பிங் கயிறு போதும். ஏணியில் பையன் குனிந்து தரையைப் பார்த்துப் பழகிவிடுகிறான்.

படி 2: எங்கே நிற்பது

நம் பிள்ளைகள் அமெரிக்க லீக்கான என்பிஏ வீடியோ பார்த்து வளர்கிறார்கள். அங்கே தடுப்பவர், யாரையும் கைக்கெட்டும் தூரத்தில் காக்காமல் பெயிண்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் உள்ள செவ்வகம்) மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. உலக பாஸ்கெட்பால் சங்கமான ஃபீபாவின் விதியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மூன்று வினாடிக் கணக்கு தாக்கும் அணிக்கு மட்டும்தான். இவன் காரணமே இல்லாமல் அடிக்கடி வெளியே ஓடிக்கொண்டிருந்தது இதனால்தான் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. தன் ஆள், அதாவது தான் காக்க வேண்டிய எதிராளி, தூரத்தில் நின்றால் ரிங் பக்கம் இறங்கி நிற்கட்டும். தலையைத் திருப்பாமலே பந்தும் தன் ஆளும் கண்ணில் பட வேண்டும்.

படி 3: நேரே மேலே

ஆறு வாரம் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த இடம் இது. "கையத் தூக்குடா, கையத் தூக்குடா" என்று கத்தினேன். தூக்கினான். ஃபவுல் குறையவில்லை.

கடைசியில் போனைப் பக்கவாட்டில் வைத்து ஸ்லோமோஷனில் பிடித்துப் பார்த்தோம். முன்னாலிருந்து பிடித்தால் எதுவும் தெரியாது, பக்கவாட்டுதான் முக்கியம். கைகள் கம்பம்போல நேராகத்தான் இருந்தன. உடம்புதான் பறந்துகொண்டிருந்தது. ஓடி வந்த வேகத்தில் ஒற்றைக் காலில் தாவி, கிளம்பிய இடத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி இறங்குகிறான். நெஞ்சு போய் எதிராளியை இடிக்கிறது.

விதி இதுதான். ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு கற்பனை உருளை உண்டு. நீங்கள் முன்கூட்டியே அங்கே வந்து நின்று, அதற்குள்ளேயே கையை உயர்த்தி நேராகத் தாவினால், மோதலுக்கு வந்து மோதியவர் பொறுப்பு. சாய்ந்து போய் மோதினால் பொறுப்பு உங்களுடையது. அப்படியென்றால் கோளாறு கையில் இல்லை, தாமதமாக வந்து சேருவதில் இருக்கிறது.

சாக்பீஸால் ரிங்குக்கு முன்னால் 60 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போடுங்கள். நீங்கள் வரும் பக்கத்துக்கு எதிரே, பெயிண்டின் மறுகோட்டில் பையன் நிற்கட்டும். பெயிண்டின் அகலம் 4.9 மீட்டர். நீங்கள் விங்கிலிருந்து (கோர்ட்டின் பக்கவாட்டுப் பகுதி) லேயப்புக்கு, அதாவது ஓடி வந்து ரிங் அருகில் தாவிப் பந்தைப் போட, வாருங்கள். அவன் சதுரத்துக்கு வந்து, இரண்டு காலும் ஒரே சத்தமாக 'டப்' என்று பதிய நின்று, தாவி, சதுரத்துக்குள்ளேயே இறங்க வேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

எப்போது கிளம்புவது? எதிராளி பந்தைக் கையில் எடுத்த பிறகு கிளம்பினால் எட்டாது. அவன் தோள், வெளியே அவனைக் காக்கும் நம் கார்டின் தோளைத் தாண்டும் கணத்தில் கிளம்ப வேண்டும். இது ஒன்று பிடிபட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்படியும் நேரத்துக்கு வர முடியவில்லையா, விட்டுவிடட்டும். இரண்டு புள்ளியோடு போகும். தாவி இடித்தால் கூடையும் விழுந்து ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும். பதினைந்து வயதுப் பையனை விட்டுக்கொடுக்க வைப்பதுதான் பெரும்பாடு.

பிறகு மோதல் பழக்கம். பழைய துணி அடைத்த பள்ளிப் பையால் தாவும்போது நெஞ்சில் தள்ளுவேன். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டான். மெதுவாகத் தொடங்குங்கள்.

படி 4: பிளாக்

எதிராளி எறியும் பந்தை வெளியே அறைந்து தள்ளுவதைக் கைதட்டி ஊக்குவிக்காதீர்கள், பந்து திரும்ப அவர்களுக்கே போகும். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு 11 முறை பட்டம் வென்ற பில் ரஸ்ஸல், பந்தைக் கோர்ட்டுக்குள்ளேயே தட்டி, தன் அணி எடுக்க வைப்பதற்குப் பேர்போனவர். ரிங்குக்கு மேலே கீழ்நோக்கி இறங்கும் ஷாட்டைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பாக்ஸ் அவுட்டுக்கு (ஷாட் தவறும்போது எதிராளியை முதுகால் மறித்துப் பந்தை எடுப்பது) ஒரே வரி: முதலில் ஆளைத் தேடு, பிறகு பந்தை.

படி 5: வாய்

மற்ற நால்வரின் முதுகும் சென்டருக்குத்தான் தெரியும். ஸ்கிரீன் வருவதை, அதாவது கார்டின் வழியை மறிக்க எதிராளி வந்து நிற்பதை, அவன் சொல்லாவிட்டால் கார்டு போய் முட்டிக்கொள்வான். இவனோ அமைதியான பிள்ளை. அணியில் பெரும்பாலும் சீனப் பிள்ளைகள், தங்களுக்குள் மாண்டரினில் பேசிக்கொள்வார்கள். எந்த மொழியில் கத்துவது என்றே இவனுக்குக் கூச்சம். எல்லாருக்கும் தெரிந்த மலாயில் முடிவு செய்தோம்: இடதில் ஸ்கிரீன் வந்தால் "கிரி", வலதில் வந்தால் "கானான்". யாருடைய இடது என்று ஒரு போட்டியில் குழம்பியது. இவனும் கார்டும் ஒரே திசையைப் பார்ப்பதால் இவன் இடதுதான் அவனுக்கும் இடது.

குரல் பழக ஒரே வழி. மூன்றாவது மாடி நடையில் அக்கா நிற்பாள். கேட்டால் கையைத் தூக்குவாள், கேட்காவிட்டால் துணி காயப்போடுவதைத் தொடருவாள்.

பிறகு சேர்த்தது

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர், சாக்பீஸ் கோடு மழையில் அழிகிறது, டேப் ஒட்டலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், ஈரத்தில் டேப் வழுக்கும். கோடு அழியுமளவுக்கு மழை என்றால் அன்றைக்குத் தாவலே கூடாது. துண்டு வேலையைக் கூரை உள்ள இடத்தில் செய்யுங்கள்.

இன்னொரு அம்மா, மகனுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்று எழுதினார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வேகமாக வளரும் வயதில், ஓடித் தாவும் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் வலி வருவது உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட விடாதீர்கள், தாவலைக் குறைத்து டாக்டரிடம் காட்டுங்கள். சிமெண்ட் தரை காலுக்கு இரக்கம் காட்டாது. இவனுக்கும் இப்போது ஒரு மாலைக்கு 30 தாவல்தான். மாடியிலிருந்து எண்ணுவது அக்கா. முப்பதாவது முடிந்ததும் "போதும், மேல வா" என்று குரல் வரும்.