மாணவர்களுக்கு வாராந்தர வேதபாடக் குழு நடத்துவது எப்படி?

முதல் வாரம் 15 பேர் வருவார்கள். பருவத் தேர்வு முடிந்து பார்த்தால் 4 பேர் மிஞ்சியிருப்பார்கள். நேரம் ஒத்துவரவில்லை, பாட்டு சரியில்லை என்று காரணம் தேடுவோம். பெரும்பாலும் காரணம் வேறு: ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் நடத்துபவரே பேசியிருப்பார். அது பிரசங்கம், அதற்கு ஞாயிறு ஆராதனை இருக்கிறது. வாரக் குழுவில் மாணவர்கள் வேதப்பகுதியைத் தாங்களே உற்றுப் பார்த்து, கண்டதைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். மொத்தப் பேச்சில் உங்கள் பங்கு கால்வாசியைத் தாண்டக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

ஆட்கள், இடம், நேரம்

6 முதல் 10 பேர் சரியான அளவு. 12 பேரைத் தாண்டினால் நாலைந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். அப்போது இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான். பள்ளி மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். சின்னவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

வட்டமாக உட்காருங்கள், பின்வரிசை வேண்டாம். நீங்களும் அதே மாதிரி நாற்காலியில், அல்லது அதே தரையில். நிறையப் பேசுகிறவர் உங்கள் பக்கத்திலும், பேசத் தயங்குகிறவர் உங்களுக்கு எதிரிலும் இருக்கட்டும். எதிரில் இருப்பவரின் முகம் உங்களுக்குத் தெரியும், பேச வாயெடுப்பதும் தெரியும். பக்கத்தில் இருப்பவரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்காது.

மொத்தம் 75 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நலம் விசாரிப்பும் பாட்டும் 10 நிமிடம், தொடக்க ஜெபமும் வாசிப்பும் 10, கலந்துரையாடல் 40, முடிவில் ஜெபம் 15. மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றாலும் சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருந்தால், அடுத்த வாரம் நேரத்துக்கு வந்தவர்களும் தாமதமாகத்தான் வருவார்கள். முடிக்கும் நேரத்தை இன்னும் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். தேர்வு வாரத்தில் 30 நிமிடம் ஒரு சங்கீதத்தோடு முடித்துக்கொள்ளலாம். முழுவதுமாக நிறுத்தினால் பழக்கம் அறுந்துவிடும்.

எதைப் படிப்பது

"அன்பு", "எதிர்காலம்", "நட்பு" என்று தலைப்பு வைத்து வசனம் பொறுக்குவதைவிட ஒரே புத்தகத்தைத் தொடர்ந்து படிப்பது நல்லது. தலைப்பு வைத்தால் நடத்துபவர் ஏற்கெனவே நினைத்ததற்குத்தான் வசனம் கிடைக்கும்.

புதிய குழுவுக்கு ரூத் அல்லது யோனா: தலா 4 அதிகாரம், 4 வாரம். அடுத்துப் பிலிப்பியர் நிருபம், 6 வாரம்: 1:1-11, 1:12-30, 2:1-18, 2:19-30, 3:1-4:1, 4:2-23. மாற்கு சுவிசேஷத்துக்கு இரண்டு பருவம் வேண்டும். 8:30 வரை முதல் பருவம், "நீர் கிறிஸ்து" என்ற பேதுருவின் அறிக்கையோடு நிற்கும். சிலுவையை நோக்கிய பயணம் இரண்டாவது பருவம். ரோமரையும் வெளிப்படுத்தலையும் குழு பழகும்வரை தள்ளிவையுங்கள், யார் எவ்வளவு கேட்டாலும்.

ஒரு வாரத்துக்கு 10 முதல் 20 வசனம் போதும். கதைப் பகுதியானால் கொஞ்சம் கூடலாம். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை அதிகார எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் அச்சானவை. மூல ஆசிரியர்கள் எழுதியபோது இரண்டுமே இல்லை. மாற்கு 9:1 முந்தைய அதிகாரத்தின் பேச்சோடு சேர்ந்தது. 1 கொரிந்தியர் 11:1 பத்தாம் அதிகாரத்தின் முடிவு. பத்திகளுக்கு மேலே தடித்த எழுத்தில் இருக்கும் தலைப்புகளும் பதிப்பாளர்கள் சேர்த்தவைதான். மாணவர்கள் அந்தத் தலைப்பையே விடையாகச் சொல்லிவிடுவார்கள். முடிந்தால் தலைப்பை நீக்கி, அகலமான ஓரம் விட்டு, பகுதியை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். அடிக்கோடு போடத் தயக்கம் இருக்காது, கைபேசியில் வரும் அறிவிப்புகளின் தொல்லையும் இருக்காது. வெவ்வேறு சபைகளிலிருந்து வருபவர்களுக்கும் இது உதவும். ஒருவர் கையில் "சங்கீதம்", "அப்போஸ்தலர் நடபடிகள்" இருக்கும். இன்னொருவர் கையில் அவையே "திருப்பாடல்கள்", "திருத்தூதர் பணிகள்".

தயாரிப்பு

இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் நாள் விளக்கவுரையைத் தொடாமல் பகுதியை ஐந்து முறை வாசியுங்கள், அதில் ஒரு முறை சத்தமாக. திரும்பத் திரும்ப வரும் சொல், "ஆகையால்", "ஆனாலும்" போன்ற இணைப்புகள், யார் யாரிடம் பேசுகிறார், உங்களுக்கே புரியாத இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் விளக்கவுரை, பிறகு கேள்விகள். விளக்கவுரையை முதலில் திறந்தால் அங்கே கண்டதை ஒப்பிக்கத்தான் குழுவுக்குப் போவீர்கள்.

கடைசியில் பகுதியின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் பகுதி நீளமாக இருக்கிறது, அல்லது இன்னும் ஒரு முறை வாசிக்க வேண்டும். அந்த வாக்கியத்தைக் குழுவில் சொல்ல வேண்டாம். கேள்விகள் எல்லாம் அதை நோக்கிப் போகின்றனவா என்று சரிபார்க்கத்தான் அது.

கேள்விகள்

8 கேள்வி போதும்: பகுதியில் என்ன இருக்கிறது என்று 3, அதன் பொருள் என்ன என்று 3, நம் வாழ்வில் என்ன செய்வது என்று 2. வரிசையை மாற்றாதீர்கள். பகுதியைப் பார்க்கும் முன்பே "இது உனக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டால், எந்தப் பகுதியைப் படித்தாலும் "ஜெபிக்க வேண்டும், விசுவாசமாக இருக்க வேண்டும்" என்ற ஒரே பதில்தான் வரும்.

மாற்கு 5:21-43ஐ எடுத்துக்கொள்வோம். சாகக் கிடக்கும் யவீருவின் மகளும், பெரும்பாடுள்ள (பல வருஷமாக இரத்தப்போக்கு நிற்காத) பெண்ணும். "இயேசு அந்தப் பெண்ணைக் குணமாக்கினாரா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு பேச்சு முடிந்தது. "இதிலுள்ள முக்கியமான பாடம் என்ன?" என்றால் உங்கள் மனதில் இருப்பதை ஊகிக்கச் சொல்கிறீர்கள், யாரும் துணிய மாட்டார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "12 என்ற எண் எங்கெல்லாம் வருகிறது?" (25, 42ஆம் வசனங்கள்.) "இயேசுவின் முன் விழுகிறவர்கள் யார் யார்?" (22, 33.) "மகள் என்ற சொல் யார் யாரைக் குறிக்கிறது?" (23, 34, 35.) கடைசிக் கேள்விக்கு விடை தேடும்போதே, பெயர்கூடச் சொல்லப்படாத அந்தப் பெண்ணை இயேசு "மகளே" என்று அழைப்பதைக் கவனித்துவிடுவார்கள்.

பிறகு பொருள்: "24 முதல் 35 வரை யவீருவின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? இவ்வளவு அவசரத்தில் இயேசு ஏன் நிற்கிறார்? அவருடைய உடையைத் தொட்டவள் அப்படியே போயிருந்தால் எதை இழந்திருப்பாள்?" இங்கே பின்னணி தேவைப்படும்: லேவியராகமம் 15:25-27இன்படி அவள் தீட்டுள்ளவள், அவள் படுத்த படுக்கையையோ உட்கார்ந்த இருக்கையையோ தொடுபவர்களும் தீட்டுப்படுவார்கள். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். வாழ்வுக்கான கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: "பதில் தாமதமாகும் எந்தக் காரியத்தில் இந்த வாரம் 36ஆம் வசனம் ('பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு') உனக்குத் தேவைப்படுகிறது?"

குழு நடக்கும்போது

கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளம், அவர்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் நீங்களே பதில் சொல்லிவிட்டால், காத்திருந்தால் போதும் என்று இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். பதினைந்து விநாடி ஆகியும் சத்தமில்லை என்றால் கேள்வி சரியில்லை. மாற்றிக் கேளுங்கள்.

தவறான பதில் வந்தால் "இல்லை" என்று வெட்டாதீர்கள், "நல்ல பதில்" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "அது எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். சரியான பதிலுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பழக்கினால் யாரும் அதைக் கண்டனமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால், "இதுவரை பேசாதவர்கள் யாராவது?" என்று பொதுவாகக் கேளுங்கள்; அடங்காவிட்டால் தனியே கூப்பிட்டு, மற்றவர்களைப் பேசவைக்க உதவி கேளுங்கள். பேசாதவரைப் பெயர் சொல்லி மடக்க வேண்டாம். வசனம் வாசிக்கச் சொல்லலாம், அதுவும் முன்கூட்டியே கேட்டுவிட்டு. சத்தமாக வாசிக்கக் கூசுபவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள்.

பேச்சு தடம் மாறி டைனோசர்களுக்கோ அந்திக்கிறிஸ்துவுக்கோ போகும், நிச்சயம் போகும். கேள்வியை ஒரு தாளில் எழுதி ஓரமாக வையுங்கள், அடுத்த வாரம் மறக்காமல் பதில் கொண்டுவாருங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். தேர்வு நேரத்தில் பிலிப்பியர் 4:13ஐ யாராவது கொண்டுவருவார்கள், எல்லாவற்றையும் செய்யப் பெலன் உண்டு என்று. முந்தைய இரண்டு வசனங்களையும் வாசிக்கச் சொல்லுங்கள்: பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாயிருப்பதைப் பற்றிய பேச்சு அது. எரேமியா 29:11ம் அப்படித்தான். முந்தைய வசனம் எழுபது வருஷம் பாபிலோனில் காத்திருக்கச் சொல்கிறது.

ஜெப நேரம்

விண்ணப்பங்களைச் சொல்லவே 20 நிமிடம் போய், ஜெபம் 2 நிமிடத்தில் முடியும். இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு விண்ணப்பம், உடனே ஜெபம். புதியவர்களுக்கு ஒரு வாக்கிய ஜெபம் போதும், எழுதி வாசித்தாலும் சரி. "ஜெபிக்க வேண்டியது" என்ற பெயரில் அடுத்தவர் குடும்பக் கதை வெளியே வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். தனியே பேச வேண்டியிருந்தாலும் பிறர் பார்வை படும் இடத்தில் பேசுங்கள். "யாரிடமும் சொல்லக் கூடாது" என்று ஒரு மாணவர் தொடங்கினால் வாக்குக் கொடுக்காதீர்கள். யாரோ அவரைத் துன்புறுத்துகிறார்கள் என்றோ, உயிரை விட நினைக்கிறார் என்றோ தெரிந்தால், அன்றைக்கே பொறுப்பானவரிடமும் தேவைப்பட்டால் மருத்துவரிடமோ காவல்துறையிடமோ கொண்டுபோக வேண்டும். ஜெபித்து அனுப்பிவிட்டால் போதாது.

மூன்றாம் மாதத்திலிருந்து ஒரு மாணவரை உடன் நடத்துபவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் வாசிப்பும், பகுதியில் என்ன இருக்கிறது என்ற கேள்விகளும் அவருக்கு, பிறகு பாதிப் பகுதி, பிறகு முழு வாரமும். அவர் நடத்தும் வாரத்தில் நீங்கள் ஒரு பதிலும் சொல்லாதீர்கள். குழு கலைந்ததும் 10 நிமிடம் இருவரும் உட்கார்ந்து, எந்தக் கேள்வி பேச வைத்தது, எது படுத்துவிட்டது, யார் இன்று ஒன்றுமே பேசவில்லை என்று பாருங்கள். பேசாதவருக்கு மறுநாள் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.