இரு திரைகளில் டாஸ்க்பாரை அமைக்கும் முறை

இரண்டாவது மானிட்டரைக் கணினியுடன் இணைத்தவுடன் பலரும் நேரே டாஸ்க்பார் (திறந்திருக்கும் செயலிகளின் பொத்தான்களைக் காட்டும், திரையின் அடியிலுள்ள பட்டை) அமைப்புகளைத் தேடிச் செல்கிறார்கள். அதற்கு முன்னர் திரைகளின் வரிசை சரியாக இருக்க வேண்டும். விண்டோஸ் விசையுடன் பி (P) விசையை அழுத்தி, வரும் பட்டியலில் ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டூப்ளிகேட்’ நிலையில் இரு திரைகளும் ஒரே காட்சியைக் காட்டுவதால், அங்கே தனித்தனி டாஸ்க்பாருக்கு இடமே இல்லை.

அடுத்து செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘டிஸ்பிளே’ பகுதியைத் திறந்தால், 1, 2 என்று எண்ணிட்ட இரு கட்டங்கள் தெரியும். எந்த எண் எந்தத் திரைக்கு உரியது என்பதை ‘ஐடென்டிஃபை’ பொத்தான் காட்டிவிடும். மேசைமேல் மானிட்டர்கள் இருக்கும் வரிசையிலேயே கட்டங்களையும் இழுத்து வைத்து ‘அப்ளை’ கொடுங்கள். பிறகு, நீங்கள் அதிக நேரம் நேராகப் பார்த்து வேலை செய்யும் திரையின் கட்டத்தைச் சொடுக்கி, கீழே ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்பிளே’ என்பதைக் குறியிடுங்கள். வைஃபை, ஒலி, பேட்டரி முதலிய சின்னங்கள் முதன்மைத் திரையின் டாஸ்க்பாரில் மட்டுமே இடம்பெறும் என்பதால், இந்தத் தேர்வை அலட்சியமாகச் செய்யக் கூடாது.

இனி டாஸ்க்பாருக்கு வருவோம். விண்டோஸ் 11இல் டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கி, ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ சென்று, ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ பகுதியை விரியுங்கள். அங்குள்ள ‘ஷோ மை டாஸ்க்பார் ஆன் ஆல் டிஸ்பிளேஸ்’ என்பதைக் குறியிட்டால், இரண்டாவது திரையிலும் டாஸ்க்பார் வந்துவிடும். விண்டோஸ் 7 வரை இதற்கென வேறு மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8இல்தான் இந்த வசதி இயங்குதளத்திலேயே சேர்ந்தது.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், திறந்திருக்கும் செயலிகளின் பொத்தான்கள் எந்த டாஸ்க்பாரில் தோன்ற வேண்டும் என்று கேட்கும் அடுத்த பட்டியலில்தான் இந்த அமைப்பின் முழுப் பயனும் அடங்கியிருக்கிறது. ‘ஆல் டாஸ்க்பார்ஸ்’ என்று விட்டால், எல்லாப் பொத்தான்களும் இரு திரைகளிலும் தோன்றும். ஒரு பொத்தானைச் சொடுக்கினால் சாளரம் எந்தத் திரையில் எழும் என்பது பார்த்தவுடன் புரியாது. ‘மெயின் டாஸ்க்பார் அண்ட் டாஸ்க்பார் வேர் விண்டோ இஸ் ஓப்பன்’ என்பதில், முதன்மை டாஸ்க்பார் எல்லாவற்றையும் காட்ட, மற்றது தன் திரையில் உள்ளவற்றை மட்டும் காட்டும். ‘டாஸ்க்பார் வேர் விண்டோ இஸ் ஓப்பன்’ என்ற மூன்றாவது தேர்வில் அந்தந்தத் திரையின் சாளரங்கள் அந்தந்த டாஸ்க்பாரில் மட்டுமே நிற்கும். ஒரு திரையில் எழுத்துப்பணி, மறு திரையில் மின்னஞ்சலும் உலாவியும் என்று பிரித்து வேலை செய்பவருக்கு மூன்றாவதே பொருந்தும் என்பது என் கருத்து. எனினும், இரண்டாவதிலும் மூன்றாவதிலும், ‘பின்’ (pin) செய்து டாஸ்க்பாரில் நிலையாகப் பொருத்தி வைத்த செயலிகளின் சின்னங்கள் முதன்மை டாஸ்க்பாரில் மட்டுமே இருக்கும். அவற்றை இரு பக்கமும் விரும்புபவர் முதல் தேர்வோடுதான் இருக்க வேண்டும்.

பொத்தான்களின் பெயர்கள் தெரிய வேண்டுமானால், அதே பகுதியில் பொத்தான்களைச் சேர்த்துக் காட்டும் தேர்வை ‘நெவர்’ என்று மாற்றுங்கள். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது இது இல்லை. பயனர்களின் முணுமுணுப்புக்குப் பின் 2023இல் திரும்பி வந்தது. மற்ற டாஸ்க்பார்களுக்கு இதைத் தனியாகவும் அமைக்கலாம் என்பதால், அகலம் குறைந்த திரையில் மட்டும் ‘ஆல்வேஸ்’ என்று வைத்துக்கொள்ள முடியும்.

டாஸ்க்பாரைத் தானாக மறையச் செய்யும் வசதி இரு திரைகளுக்கும் சேர்த்தே செயல்படும். ஒரு மானிட்டரின் மேல் மற்றொன்றை அடுக்கி வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. மேல்திரையின் அடிவிளிம்புக்குச் சுட்டியைக் கொண்டுசெல்லும்போது, அது அங்கே நிற்காமல் கீழ்த்திரைக்கு வழுக்கிப் போய்விடுவதால், மறைந்த டாஸ்க்பாரை வரவழைப்பது கடினம்.

தவறான திரையில் திறந்துவிட்ட சாளரத்தை விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தி மறுதிரைக்கு மாற்றலாம். மூன்றாவது தேர்வில் அதன் பொத்தானும் உடன் செல்லும். மடிக்கணினியை அடிக்கடி மானிட்டரிலிருந்து கழற்றி மாட்டுபவர்கள், ‘டிஸ்பிளே’ பகுதியின் ‘மல்டிபிள் டிஸ்பிளேஸ்’ தலைப்பில் ‘ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ்’ என்று தொடங்கும் தேர்வையும் குறியிட்டுவிட்டால், மீண்டும் இணைக்கும்போது சாளரங்கள் முன்பிருந்த திரைக்கே திரும்பும்.