அட்டிக்கில் ரக்கூன் குடிவந்தால்

டொராண்டோவில் ராத்திரி அட்டிக்கில் (கூரைக்கு அடியில் பரண் போல இருக்கும் இடம்) தொம் தொம் என்று சத்தம் கேட்டால் அது எலியில்லை, பெரும்பாலும் ரக்கூன்தான் (முகமூடி போட்டதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும் காட்டு விலங்கு). அது நுழைந்த ஓட்டையை உடனே அடைத்துவிடாதீர்கள். வசந்த காலத்தில் உள்ளே குட்டிகள் இருக்கலாம். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் கூரையையே பிய்த்துவிடும். எங்கள் வீட்டு ஷிங்கிள் (கூரை மேல் வேயும் தகடு) போனது அப்படித்தான்.

அட்டிக்கில் பளிச்சென்று ஒரு விளக்கும், ஆள் பேச்சு ஓடும் ரேடியோவும் வையுங்கள். தாயே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு கிளம்பிவிடும். பிறகு ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். மூன்று இரவு அசையாமல் கிடந்தால் காலி என்று அர்த்தம் (கடுங்குளிரில் இன்னும் சில நாள் பொறுங்கள்). அதன்பின் தடித்த கம்பிவலை அடியுங்கள். கோழிவலை தாங்காது. ரக்கூன் கழிவில் உருளைப்புழு (குடலில் வாழும் ஒட்டுண்ணி) முட்டை இருக்கலாம், முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பிடித்துத் தொலைவில் விடலாம் என்று நினைக்காதீர்கள். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் தாண்டி விடுவது சட்டப்படி குற்றம்.