மெதுவாகிப்போன கம்ப்யூட்டர்: டெல்டா வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பட்டனை அழுத்திவிட்டுப் போய், காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? "பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்பார்கள். இல்லையென்றால் "ஃபார்மட் அடிச்சுடலாம்" என்பார்கள். இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: இழுக்க முடியாத பழைய ஹார்ட் டிஸ்க், போதாத ராம் (வேலை நடக்கும்போது மட்டும் விவரங்களை வைத்துக்கொள்ளும் நினைவகம்), அறுவடைத் தூசி அடைத்த ஹீட் சிங்க் (கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் தகடுகள்). உங்களுடையது எது என்பதைக் காசு செலவில்லாமல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பாகமும் வாங்காதீர்கள்.

கீழே உள்ளது விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் டெஸ்க்டாப்புக்கு. லேப்டாப்புக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

கம்ப்யூட்டர் திணறும் நேரத்திலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே உள்ள 'மோர் டீடெயில்ஸ்' என்பதை அழுத்துங்கள். மேலே சி.பி.யு. (பிராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் என்று தலைப்புகளும் அவற்றின் மேல் சதவீதமும் தெரியும். இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு அந்த எண்களை மட்டும் கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சி.பி.யு. 10, 15 என்று சும்மா இருந்தால், மூளை தயார், பண்டம் எடுத்துக் கொடுக்கிறவன்தான் மெதுவு என்று அர்த்தம். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போய் டிஸ்க் என்பதைத் தொட்டால், அது எச்.டி.டி.யா (சுற்றும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்), எஸ்.எஸ்.டி.யா (சுற்றும் பாகம் இல்லாத வேகமான வகை) என்று எழுதியிருக்கும். எச்.டி.டி. என்றால் பாதி விடை கிடைத்தாயிற்று.

மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. 4 ஜி.பி. ராமில் விண்டோஸ் ஏறி, குரோமில் ஆறு பக்கம் திறந்தாலே அந்த நிலை வந்துவிடும். இடம் பற்றாதபோது விண்டோஸ் கொஞ்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். அதனால் ராம் குறைவான கம்ப்யூட்டரில் டிஸ்க்கும் சேர்ந்து 100 காட்டும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டும் உயரத்தில் இருந்தால் ராமையும் கணக்கில் எடுங்கள்.

மூன்றாவது வகை கொஞ்சம் வேறு. ஆன் செய்த முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு ஃபேன் சத்தம் ஏறுகிறது, எல்லாம் இழுக்கிறது, சில நேரம் தானாகவே அணைந்துவிடுகிறது. இது சூடு. பிராசஸர் கொதிநிலையை நெருங்கும்போது கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எச்.டபிள்யூ. மானிட்டர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி வரை இருக்கலாம். வேலை செய்யும்போது 90ஐத் தாண்டினால் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கை வைப்பதற்கு முன்

பிள்ளைகளின் மார்க் ஷீட், பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது, கல்யாண போட்டோ எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ நகலெடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். நகல் எடுக்கும்போது ஒரு ஃபைலில் மட்டும் வந்து நின்றுவிடுகிறது, அல்லது ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வருகிறது என்றால், வேறு எந்தப் பராமரிப்பும் செய்யாதீர்கள். அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. முக்கியமானதை மட்டும் முதலில் எடுத்துவிட்டு நிறுத்துங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீலத்தில் 'குட்' என்று காட்டினால் நல்லது. மஞ்சளில் 'காஷன்' என்றால் புது டிஸ்குக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

உள்ளே சேர்ந்த குப்பை

இந்த வேலை சுலபம், அரை மணி நேரம் போதும். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போங்கள். கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுகிற மென்பொருள்களின் பட்டியல் அது. ஆன்டிவைரஸ், சவுண்ட், டச்பேட் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிட்டு, மற்றதை வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுக்கலாம். எதுவும் அழியாது, தேவைப்படும்போது நீங்கள் திறந்துகொள்ளலாம்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், 'டெம்பரரி ஃபைல்ஸ்'. அங்கே வரும் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் இறக்கி வைத்த விண்ணப்பம், ரசீது எல்லாம் போய்விடும். மற்றதை நீக்கலாம். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

ஆன்டிவைரஸ் ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஃபைலை மாறி மாறிச் சோதித்து வேகத்தைத் தின்னும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று விளம்பரத்தில் வருவதை நிறுவவே வேண்டாம், வேகத்தைக் குறைப்பதில் அவையே முன்னால் நிற்கும்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாதது. 'ஷட் டவுன்' கொடுத்தால் விண்டோஸ் முழுக்கத் தூங்குவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காகத் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. சிக்கலும் அதோடு சேர்ந்து தங்கிவிடும். வாரம் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுதான் உண்மையான புதுத் தொடக்கம்.

பெட்டியைத் திறப்பது

டெல்டாவில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. புரட்டாசியில் குறுவை, தையில் சம்பா என்று அறுவடை மெஷின் வயலில் இறங்கினால், நெல் சுணையும் வைக்கோல் தூசியும் ஊருக்குள் வந்துவிடும். சாலையில் நெல் காயப்போட்டிருக்கும் தெருவில் சொல்லவே வேண்டாம். ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். முதலில் சுணை குறுக்கே சிக்கும், அதன் மேல் பஞ்சு படியும், ஐப்பசி ஈரத்தில் அது இறுகும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு விரித்தாற்போல ஒரு படலம் இருக்கும். ஃபேன் என்ன வேகத்தில் சுற்றினாலும் காற்று அதைத் தாண்டி இறங்காது.

வேண்டிய பொருள்கள்: நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், ஒரு அங்குல அகல புது பெயிண்ட் பிரஷ், கையில் பிடிக்கும் ஏர் புளோயர், வெள்ளை அழிரப்பர், உலர்ந்த பருத்தித் துணி. ஹீட் சிங்க்கைக் கழற்றுவதாக இருந்தால், பிராசஸருக்கும் அதற்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு டியூபும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும்.

அணைத்து, பின்னால் உள்ள கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். பெட்டியைத் திண்ணைக்கோ கொல்லைப்புறத்துக்கோ எடுத்துப் போங்கள், கூடத்தில் வைத்து ஊதினால் தூசி திரும்ப உள்ளேயே வரும். முன்பக்கம் இருந்து பார்க்க இடது பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே தொடும் முன்பும் இடையிடையேயும் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு பிறகு ஊதுங்கள். புளோயர் காற்றில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். பிரஷ்ஷால் தளர்த்தி, புளோயரால் வெளியேற்ற வேண்டும், அந்த வரிசை முக்கியம். வீட்டு வேக்குவம் கிளீனரின் குழாயை உள்ளே விடாதீர்கள், அது நிலைமின்சாரம் உண்டாக்கும். பஞ்சர் கடை கம்ப்ரெஸரில் கொண்டுபோய் ஊதுவதும் வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும்.

பவர் சப்ளைப் பெட்டியை வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள். அதன் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். உயிருக்கு ஆபத்து.

தூசி தட்டியும் சூடு குறையவில்லை என்றால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். பல இன்டெல் கம்ப்யூட்டர்களில் ஹீட் சிங்க்கை நான்கு கறுப்புக் குமிழ்கள் பிடித்திருக்கும். அவற்றில் உள்ள அம்புக்குறித் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஏ.எம்.டி. என்றால் நேரே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். கம்ப்யூட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து வயரைப் பிடுங்கி, சூடு ஆறும் முன் மெல்ல இடமும் வலமும் திருகி எடுங்கள். பழைய பேஸ்டை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பிராசஸரின் நடுவில் ஒரு உளுந்து அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல ஊற்றினால் வழிந்து மதர் போர்டில் (எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகை) இறங்கும். குமிழ்களைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ஒன்று விட்டுப்போனாலும் சூடு முன்னைவிட ஏறும்.

லேப்டாப்பில் அனுபவம் இல்லாமல் ஹீட் சிங்க்கைத் தொடாதீர்கள். காற்று வெளிவரும் ஓட்டை வழியாகச் சின்னச் சின்னதாக ஊதினால் போதும்.

ஈரம், பூச்சி, கரண்ட்

அடைமழையில் நான்கைந்து நாள் ஓட்டாமல் வைத்துவிட்டுப் போட்டால், திரை வராமல் 'பீப்' சத்தம் மட்டும் வருவது வழக்கம். ராம் முனையில் படிந்த ஈரப் படலம்தான் பெரும்பாலும் காரணம். வயரைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிற முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துச் செருகுங்கள். இருபுறக் கொக்கியும் தானாக மூட வேண்டும். மழைக்காலத்தில் தினம் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், அந்தச் சூடே ஈரத்தைத் துரத்தும். வேதாரண்யம், நாகை கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்வதால் யு.எஸ்.பி. ஓட்டைகளுக்கு மூடி போட்டு வைப்பது நல்லது.

பெட்டியின் பின்பக்கத் தகடு ஒன்று இல்லாமல் இருந்தால் இன்றே மூடுங்கள். பல்லி அதன் வழியாகத்தான் போய் உள்ளே கருகிச் செத்து மதர் போர்டை ஷார்ட் ஆக்கும். அறுவடை முடிந்த வயலிலிருந்து வரும் எலி வயரைக் கடிக்கும். எறும்புக்கு மேஜைக் காலைச் சுற்றிச் சாக்பீஸ் மருந்தால் கோடு போடுங்கள். பெட்டிக்குள் மருந்து அடிக்காதீர்கள்.

மும்முனை மின்சாரம் வந்து பம்பு செட்டுகள் ஒருசேர ஓடத் தொடங்கும்போது வீட்டு விளக்கு மங்கினால், கம்ப்யூட்டரும் அதே அடியை வாங்குகிறது. ஒரு சாதாரண டெஸ்க்டாப்புக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். போதும், ஒழுங்காக அணைக்க நேரம் தரும். அதில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள். பெட்டியைத் தொடும்போது சுரீரென்று இருந்தால் எர்த் சரியில்லை, வயர்மேனைக் கூப்பிடுங்கள். இடி இடித்தால் கரண்ட் வயரோடு இன்டர்நெட் வயரையும் பிடுங்குங்கள்.

தேதி ஒவ்வொரு நாளும் பின்னோக்கிப் போய், இணையதளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று மறுத்தால், மதர் போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

காசு செலவழித்தால் எதற்கு?

முதல் சோதனையில் எச்.டி.டி. 100 காட்டியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எஸ்.எஸ்.டி.க்குச் செலவழியுங்கள். சுற்றும் தட்டில் ஊசி ஓடித் தேடும் பழைய டிஸ்க் விநாடிக்கு நூறு சின்னச் சின்ன இடங்களைத் தேடினாலே அதிகம். எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கில் தேடும். இரண்டரை அங்குல சாட்டா (டிஸ்கைச் செருகும் இணைப்பின் பெயர்) வகை, 240 அல்லது 256 ஜி.பி. போதும். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் போட்டோ வைக்க அதையே வைத்துக்கொள்ளலாம். விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது பழைய டிஸ்கின் வயரைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் பூட் ஆகும் பகுதி பழைய டிஸ்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னாளில் அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழாது. எஸ்.எஸ்.டி.க்கு வெளி மென்பொருள் வைத்து டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) செய்யாதீர்கள், அதற்கு வேண்டியதை விண்டோஸே செய்துகொள்ளும்.

ராம் வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' பக்கத்தைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, வேகம் என்ன என்று காட்டும். 1333, 1600 என்றால் டி.டி.ஆர்.3 வகை ராம். 2400, 2666, 3200 என்றால் டி.டி.ஆர்.4. நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது, அழுத்தி ஏற்றினால் ஸ்லாட் உடையும். சந்தேகமாக இருந்தால் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்ற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. அப்படிப்பட்ட பெட்டியில் எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பிரவுசர், கடிதம், தமிழ்த் தட்டச்சு எல்லாம் தடையில்லாமல் நடக்கும். ஏற்றும் முன் அதை ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.