டியூட்டி முடிந்து வந்ததும் யூனிஃபார்மை என்ன செய்வது?

நைட் டியூட்டி முடிந்து கதவைத் திறந்ததும் என் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள், முகம் சரியாக என் யூனிஃபார்மில் பதியும். ஐசியூவிலிருந்து வருகிற எனக்கு அந்த நிமிஷம் பக்கென்றிருக்கும்.

ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா துணியில் பல நாள் உயிரோடு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் துணியில் இருப்பது வேறு, அது வீட்டில் ஒருவருக்கு நோயாவது வேறு. காசநோய் காற்றில்தான் பரவும், துணியில் அல்ல. கிருமியை அதிகம் சுமப்பது கைதான், அதனால் வார்டை விட்டுக் கிளம்பும்போதும் வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள். வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்த நாளில் சானிடைசரை நம்பாதீர்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸும், குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துகளும் அதற்கு மசியாது.

முடிந்தால் மருத்துவமனையிலேயே உடை மாற்றுங்கள். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறைகூடக் கிடையாது, அது இன்றும் மனதில் உறுத்துகிறது. அப்படிப்பட்ட இடமென்றால் வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போங்கள். கழற்றியதை உதறாமல், உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டித் துணிப்பையில் போட்டு, பையோடு சேர்த்தே துவைக்கலாம். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும். அப்புறம் செல்போன், ஐடி கார்டு, அதன் கயிறு: குனியும்போதெல்லாம் நோயாளியின் படுக்கையில் உரசுகிற அந்தக் கயிற்றைத் துவைப்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

துவைப்பதற்கு 60 டிகிரி சூட்டில் 10 நிமிடம் என்பது இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதலில் உள்ள கணக்கு. மெஷினில் ஹீட்டர் இல்லையா, துணிக்குத் தாங்குகிற அளவு சுடுநீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் மொறமொறவென்று காயவிட்டு, இஸ்திரி போடுங்கள். டிரம்மைத் திணித்து நிரப்பினால் அழுக்கே போகாது. ரத்தம் பட்டிருந்தால் கையுறை போட்டு முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சுடுநீர் கறையைப் பிடிக்க வைத்துவிடும். வெள்ளை யூனிஃபார்முக்கு ப்ளீச் போடலாம், ஆனால் டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

வீட்டில் கீமோதெரபி எடுப்பவரோ பிறந்த குழந்தையோ இருந்தால் உங்கள் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, குழந்தை முந்திக்கொண்டு கட்டிக்கொண்டால் தள்ளிவிடாதீர்கள். அவள் கையையும் முகத்தையும் கழுவிவிட்டால் போதும்.